திரும்பி வந்தது எங்கள் கேமரா இல்லை

அனுப்புநர்: கும்பகோணத்திலிருந்து உங்கள் தளத்தின் விற்பனையாளர் (கணக்கு விவரம் இணைப்பில்)
பெறுநர்: குறைதீர் அலுவலர், இணைய ஏலப் பிரிவு

பொருள்: ஏலத்தில் விற்ற யாஷிகா மேட் 124ஜி கேமராவுக்குப் பதிலாக வேறு கேமரா திருப்பி அனுப்பப்பட்டது குறித்த புகார்

ஐயா / அம்மையீர்,

இரண்டு மாதங்களுக்கு முன் உங்கள் தளத்தில் முதல்முறையாக ஒரு பொருளை ஏலத்துக்கு விட்டேன். அது அப்பாவின் கேமரா. இரட்டை லென்ஸ் வைத்தது, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கும் வகை. அவர் கும்பகோணத்தில் ஸ்டூடியோ நடத்திய காலத்தில் கல்யாணம், வளைகாப்பு, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் அதில்தான் எடுத்தார். '120' என்ற வகை ஃபிலிம் ரோல் ஒன்றுக்கு 12 படம்தான் என்பதால் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுப்பார். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. "பீரோவில் கிடந்து பூஞ்சை பிடிக்கிறதுக்கு, படம் எடுக்கத் தெரிந்த யார் கைக்காவது போகட்டும்" என்று அவரே சொன்ன பிறகுதான் விற்க முடிவு செய்தேன்.

தெரிந்ததை மறைக்காமல் எழுதினேன். ஷட்டர் ஒரு நொடியிலிருந்து 1/500 வரை எல்லா வேகத்திலும் ஓடுகிறது. ஆனால் அந்தக் காலத்து 1.35 வோல்ட் பாதரச பேட்டரி கடைகளில் கிடைக்காததால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைச் சோதிக்க முடியவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். 14 படங்கள் போட்டேன். பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (அழுத்திப் பிடிக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, டார்ச் அடித்து லென்ஸை எடுத்த படமும் அதில் இருக்கிறது. கண்ணாடி பளிச்சென்று, ஒரு புள்ளி பூஞ்சை இல்லாமல் தெரியும். கேமராவின் உடலில் பொறித்திருந்த வரிசை எண்ணையும் படம் எடுத்தேன். விவரப் பக்கத்தில் அந்த எண்ணை எழுத ஒரு கட்டம்கூட இல்லை, அதனால் படமாக மட்டும் சேர்த்தேன்.

8,000 ரூபாயில் தொடங்கி ஏழு நாள் ஏலம். கடைசி நாள் இரவு வரை 11,200-ல் நின்றது, கடைசிப் பத்து நிமிடத்தில் 21,500-க்கு ஏறியது. நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தோல் உறையோடு, தெர்மாகோல் வைத்துக் கட்டி மறுநாளே அனுப்பிவிட்டேன். கூரியர் ரசீதில் எடை 1.9 கிலோ.

பொருள் போய்ச் சேர்ந்து ஐந்தாம் நாள், 'லென்ஸில் பூஞ்சை, விவரித்தபடி இல்லை' என்று வாங்கியவர் புகார் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, பொருள் திரும்பி வரட்டும், இன்னொரு முறை விற்றுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வந்த பெட்டியை அப்பா பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரித்தேன். தோல் உறை இல்லை. கேமராவைக் கையில் வாங்கி, பக்கத்துக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். பாதியில் இறுகி நின்றது. பிறகு அதைத் திருப்பி, ஸ்டாண்டு மாட்டும் துளைக்குப் பக்கத்தில் கட்டை விரலால் தடவினார். கல்யாண வீட்டில் வேறு ஸ்டூடியோக்காரர் கேமராவோடு மாறிவிடக் கூடாது என்று அம்மாவின் சிவப்பு நகப்பூச்சில் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அந்தப் பொட்டு இல்லை. "இது நம்ம கேமரா இல்லப்பா" என்றார். அதற்குப் பிறகுதான் நான் எண்ணைச் சரிபார்த்தேன். எண்ணும் வேறு. அதே மாடல்தான், ஆனால் லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்த, ஓடாத கேமரா.

உடனே உங்கள் தளத்தைத் திறந்தால், பணம் ஏற்கெனவே வாங்கியவருக்குப் போய்விட்டிருந்தது. என் வாசலில் கூரியர் பையன் பெட்டியை ஸ்கேன் செய்த அந்த நிமிடத்திலேயே அனுப்பியிருக்கிறீர்கள். என் புகாரின் மையமே இதுதான். பொருளைப் பார்த்துச் சொல்ல வாங்கியவருக்கு ஏழு நாள் கொடுத்தீர்கள். திரும்பி வந்த பெட்டியைப் பிரிக்க எனக்கு ஏழு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. கேமராவும் போய், பணமும் போய், நடக்காத விற்பனைக்குக் கமிஷன் 2,150 ரூபாயும், திரும்பி வந்த கூரியர் செலவு 520 ரூபாயும் என் கணக்கில் கடனாக நிற்கின்றன. போதாததற்கு 'ஏமாற்று விற்பனையாளர்' என்ற ஒற்றை நட்சத்திர விமர்சனம் வேறு.

வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை எழுதினேன். இரண்டு எண்களின் படங்களையும், டார்ச் அடித்த படத்தையும், போகும்போது 1.9 கிலோ, வரும்போது 1.4 கிலோ என்று எடை போட்ட இரண்டு ரசீதுகளையும் அனுப்பினேன். நான்கு முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில்: 'திருப்பி அனுப்பும் நடைமுறை முடிந்துவிட்டது'. படங்களை யாராவது திறந்து பார்த்ததற்கான அடையாளமே அதில் இல்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் வியாபாரி இல்லை. வீட்டுப் பொருள் ஒன்றை விற்க உங்கள் சேவைக்குக் கமிஷன் கொடுத்த நுகர்வோர். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நுகர்வோர் புகாரைப் பெற்றதாகக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அந்த அலுவலரின் பெயர் உங்கள் தளத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

எனக்கு முதலில் வேண்டியது அந்தக் கேமரா. வாங்கியவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றுத் தாருங்கள். முடியாது என்றால் ஏலம் முடிந்த விலையான 21,500 ரூபாயை உங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டு கொடுங்கள். கேமரா வந்தாலும் பணம் வந்தாலும் என் கணக்கில் கடனாகக் காட்டும் தொகையை நீக்க வேண்டும், அந்த விமர்சனத்தை எடுக்க வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், இது எனக்காக மட்டும் கேட்பதில்லை: இதுபோன்ற பொருள்களுக்கு எண்ணை எழுத ஒரு கட்டம் வையுங்கள், விற்றவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல இரண்டு நாளாவது கொடுத்து, அதன் பிறகு பணத்தை அனுப்புங்கள்.

ஒரு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

வந்த கேமராவை அதே பெட்டியில், அதே ஒட்டுச் சீட்டோடு எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது நேரில் வந்தால் காட்டத் தயார். அப்பாவும் வீட்டில்தான் இருப்பார், பொட்டு இருந்த இடத்தை அவரே காட்டுவார். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கும்பகோணம்

இணைப்பு: ஏலப் பக்கத்தின் நகல், 14 படங்கள், இரண்டு கேமராக்களின் எண் படங்கள், கூரியர் ரசீதுகள் இரண்டு, உங்கள் நான்கு பதில்கள்