நீர்த்தொட்டியைக் குழந்தைகளின் கைக்கு விடுங்கள்

மழலையர் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளோடு நெடுங்காலம் வகுப்பறையில் இருந்தவள் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் பொறுப்பில் விடப்பட்டிருக்கும் குழந்தைகள் ஒவ்வொரு நாளும் தங்கள் கைகளால் எதையாவது ஊற்றியும், அடுக்கியும், உருட்டியும், கலந்தும் பார்க்க வேண்டும் என்பதும், அதற்கான நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்பதும்தான் நான் சொல்ல வந்த செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழலையர் பள்ளியின் அறிவியல் நாள் நிகழ்ச்சியில் நானும் உதவிக்கு நின்றேன். மேசையின்மேல் களிமண்ணால் செய்த ஓர் எரிமலை. ஆசிரியை சமையல் சோடாவின்மேல் வினிகரை ஊற்ற, நுரை பொங்கி வழிந்தது. கைகட்டி அமர்ந்திருந்த முப்பது குழந்தைகளும் ஒரே குரலில் கூவினார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு சிறுவன் எழுந்து வந்து, வழிந்துகொண்டிருந்த நுரையை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டினான். "தொடக் கூடாது, போய் உட்கார்" என்று அவனைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். நுரை குளிர்ச்சியாக இருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, விரல் பட்டால் அடங்கிவிடுமா என்றெல்லாம் அறிந்துகொள்ள அவன் விரும்பியிருக்க வேண்டும். அன்று அந்த அறையில் அறிவியல் செய்ய முயன்றவன் அவன் ஒருவன்தான் என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. அந்தக் காட்சி என் மனத்தை விட்டு இன்றும் அகலவில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் எரிமலையை நிறுத்திவிட்டு, அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பாதியளவு நீர் நிரப்பி வைத்தேன். ஒரு தொட்டிக்கு நான்கு குழந்தைகள், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒரு கூடையில் மரக்கட்டை, கூழாங்கல், இரும்புக் கரண்டி, ஸ்பஞ்சு, மூடியுள்ள காலிப் புட்டி, ஓர் உருண்டை பிளாஸ்டிசின் களிமண். ஒவ்வொன்றையும் நீரில் விடுவதற்கு முன், அது மிதக்குமா மூழ்குமா என்று சொல்லிவிட்டு விட வேண்டும் என்பது மட்டுமே விதி.

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்ற முடிவோடுதான் வந்தாள். பெரிய மரக்கட்டையை இரு கைகளாலும் தூக்கி, மூச்சுவாங்க நீரில் போட்டாள். அது மிதந்தது. உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கல்லைப் போட்டாள். அது அடிக்குப் போயிற்று. சற்றுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, மரக்கட்டையை ஒரு விரலால் அமுக்கினாள். விரலை எடுத்ததும் அது மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினாள். "இது திரும்பித் திரும்பி மேல வருது டீச்சர், கல்லு வர மாட்டேங்குது" என்றாள். பிறகு களிமண் உருண்டையைப் போட, அது மூழ்கியது. பக்கத்திலிருந்த சிறுவன் அதை எடுத்துத் தட்டையாக்கி, ஓரங்களை மடித்துக் கிண்ணம்போலச் செய்து மெல்ல வைத்தான்; அதே களிமண் மிதந்தது. அவள் அதைப் பிடுங்கி மறுபடி உருண்டையாக்கினாள், மூழ்கியது, கிண்ணமாக்கினாள், மிதந்தது. அன்று அவள் இதை எத்தனை முறை செய்தாள் என்று நான் எண்ணவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத்தான் மனம் வரவில்லை.

அந்த இடத்தில் அடர்த்தி என்றும், வெளியேற்றப்படும் நீரின் எடை என்றும் நான் விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள். கையிலிருந்த களிமண்ணைக் கீழே வைத்திருப்பாள். எடை மாறாமல் வடிவம் மட்டும் மாறும்போது விளைவு மாறுகிறது என்பதைத் தன் கையாலேயே அவள் கண்டுவிட்டாள். அதற்குரிய சொல் சில வகுப்புகள் தாண்டி அவளிடம் வந்து சேரும். சொல் முதலில் வந்து, அனுபவம் வராமலே போய்விடுவதுதான் நான் அஞ்சும் நிலை. 'மிதப்பவற்றுக்கு வட்டமிடுக' என்ற ஒர்க்‌ஷீட்டை, தண்ணீரில் விரலைக்கூட நனைக்காத ஒரு குழந்தை முழு மதிப்பெண்ணோடு முடித்துவிட முடியும். அப்படி முடித்த தாள்கள் கோப்பில் அழகாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் ஆசிரியையை மதிப்பிடுகிறீர்கள் என்பது என் வருத்தம்.

இது புதிதாக முளைத்த கருத்தன்று. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் ஃபிரீட்ரிக் ஃபுரோபெல் 1837-இல் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் கொடுத்தவை வண்ண நூல்பந்துகளும், மரத்தாலான கோளமும் கனசதுரமும் உருளையும், எட்டுத் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய கட்டையும்தான். 1840-இல் அவர் அதற்கு இட்ட 'கிண்டர்கார்டன்' என்ற பெயருக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அங்கே குழந்தைகள் பயிரிட உண்மையாகவே தோட்டப் பாத்திகள் இருந்தன. மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லமும் கைகளை நம்பியே நடந்தது. பள்ளிப் பெயர்ப்பலகைகளில் 'கிண்டர்கார்டன்' என்றும் 'மாண்டிசோரி' என்றும் எழுதிவைத்துவிட்டு, உள்ளே நாள் முழுதும் கோடுபோட்ட நோட்டில் எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வது அந்தப் பெயர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே செய்து காட்டிய ஒரு சோதனையை ஆசிரியப் பயிற்சி பெற்ற எல்லோரும் படித்திருப்பார்கள். அகலக் குவளையிலுள்ள நீரைக் குழந்தையின் கண்முன்னே உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றினால், நீர் கூடிவிட்டது என்றே நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் சொல்லும். இதைத் தவறு என்று திருத்துவதால் பயனில்லை. ஏறக்குறைய ஆறேழு வயதில் குழந்தையே தன் கருத்தை மாற்றிக்கொள்கிறது. அதுவரை அதற்குத் தேவைப்படுவது பல அளவுகளில் குவளைகளும், ஒரு புனலும், தாராளமாக ஊற்றிப் பார்க்கும் அனுமதியும்தான். தேர்வுக்குரிய கேள்வியாகப் பியாஜேயை நினைவில் வைத்திருக்கும் நாம், குவளைகளை மட்டும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஆசிரியையின் வேலை இங்கே குறைந்துவிடுவதில்லை, உண்மையில் கூடுகிறது. பக்கத்தில் அமர்ந்து, கவனித்து, சரியான தருணத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது, கரும்பலகைமுன் நின்று விளக்குவதைவிடக் கடினமானது. 'ஏன்' என்ற கேள்வி இந்த வயதில் பெரும்பாலும் குழந்தையின் வாயை அடைத்துவிடுகிறது, ஏனென்றால் பெரியவரின் மனத்தில் ஒரு விடை இருக்கிறது என்பதை அது உடனே உணர்ந்துகொள்கிறது. 'இதை விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?', 'இன்னொரு முறை செய்து காட்டுகிறாயா?' போன்ற கேள்விகளுக்குக் கையே விடை சொல்லும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிகளுக்கு மேல் நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எடுத்துக்காட்டினார். மூன்று வினாடி மௌனத்தைத் தாங்கிக்கொள்ள எனக்குப் பல மாதப் பழக்கம் தேவைப்பட்டது.

நீர்த்தொட்டி ஒரு தொடக்கம் மட்டுமே. காலையில் திறந்தவெளியில் ஒரு குழந்தையை நிறுத்தி அதன் பாதங்களையும் நிழலையும் சாக்கட்டியால் வரைந்து வைத்து, நண்பகலில் அதே பாதச்சுவடுகளில் நிற்க வைத்தால் நிழல் குறுகி இடம் மாறியிருக்கும். அன்று மாலை வரை பேச்சு வேறெதைப் பற்றியும் இருக்காது. காந்தத்தைக் கையில் கொடுத்தால், பளபளப்பதெல்லாம் ஒட்டும் என்று நம்பிப் புறப்படும் குழந்தை, அலுமினியத் தகடும் செம்புக் கம்பியும் ஒட்டாதபோது காந்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்கும். இலை ஒன்றை நீரில் இட்டு உறையவைத்த பனிக்கட்டியைக் கொடுத்து, இலையை வெளியே எடுக்கச் சொன்னால், ஊதுவது, தேய்ப்பது, வெயிலில் வைப்பது, வெதுவெதுப்பான நீர் ஊற்றுவது என்று நாலு குழந்தைகள் நாலு வழி கண்டுபிடிப்பார்கள்.

விதையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரவு முழுதும் ஊறிய அவரை விதைகளைக் கண்ணாடிக் குவளையின் சுவருக்கும் ஈரமான தாளுக்கும் இடையே, வெளியிலிருந்து தெரியும்படி வையுங்கள். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் ஒன்றைப் படுக்கையாகவும் வையுங்கள். சில நாட்களில் முதலில் வெளிவருவது வேர். எந்த விதை எப்படிக் கிடந்தாலும் வேர் வளைந்து கீழ்நோக்கியே போகும். குவளையைப் படுக்கவைத்தால் இரண்டொரு நாளில் வேரின் நுனி மீண்டும் கீழே திரும்பும். "அதுக்குக் கண்ணு இல்லையே, கீழ எதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் என்னைக் கேட்டான். தாவரவியலார் நெடுங்காலம் துரத்திய கேள்வி அது. வேர்நுனியின் உயிரணுக்களுக்குள் கனத்த மாவுமணிகள் இருக்கின்றன. அவை புவியீர்ப்பால் அடியில் படிவதைக் கொண்டே வேர் திசையை உணர்கிறது. இதை அவனிடம் நான் சொல்லவில்லை. "நீயே என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன். அவன் விதையைக் காதருகே வைத்துக் கேட்டுப் பார்த்தான்.

உங்கள் தரப்பில் எழக்கூடிய தயக்கங்களை நான் அறிவேன். ஆடை நனையும், தரை வழுக்கும், வகுப்பு இரைச்சலாகும். இவற்றுக்கு ஏப்ரனும், தரைவிரிப்பும், துடைப்பதற்குக் குழந்தைகள் கையிலேயே ஒரு துணியும் போதும். சிந்தியதைத் துடைப்பதும் அவர்களுக்கு விளையாட்டுத்தான். பாதுகாப்புக் குறித்த தயக்கம் மட்டும் முழு நியாயமானது, அதில் சிறிதும் சமரசம் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் பொருளை அந்த வயதினரிடம் கொடுக்கவே கூடாது. அதற்கு மேற்பட்டோரிடமும் விதை, கூழாங்கல் போன்றவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்பப் பெற வேண்டும். பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும், ஆகவே அது உள்ள எதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது. சிறிய வலுவான காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் சுவர்களுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். கைக்கு அடக்கமில்லாத பெரிய காந்தமே மழலையருக்கு ஏற்றது. உப்புத் தூவிய பனிக்கட்டி பூச்சியத்துக்கும் கீழே குளிர்வதால் அதை வெறுங்கையில் பிடிக்க விடக் கூடாது. தொட்டியில் சில சென்டிமீட்டர் நீரே இருந்தாலும் ஒரு பெரியவர் அகலாமல் அருகில் இருக்க வேண்டும், விளையாட்டு முடிந்த உடனே நீரைக் கொட்டிவிட வேண்டும்.

பெற்றோர் நோட்டைத்தான் கேட்கிறார்கள் என்ற மறுமொழியும் வரும். பெற்றோர் கூட்டத்தில் அவர்களுக்கு நோட்டை மட்டுமே நாம் காட்டிவந்தால் வேறு எதைக் கேட்பார்கள்? அடுத்த கூட்டத்தில் மேசைகளின்மேல் நீர்த்தொட்டியையும் களிமண்ணையும் வைத்து, மூழ்கும் உருண்டையை மிதக்க வைக்கச் சொல்லி அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். நான் அப்படி வைத்த கூட்டத்தில், அவசரமாகக் கிளம்ப வந்த ஒரு தந்தை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். சுவரில் ஒரே அச்சில் வார்த்த முப்பது கைவேலைகளைத் தொங்கவிடுவதற்குப் பதிலாக, அன்றன்று குழந்தைகள் சொன்ன சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதி ஒட்டுங்கள். தங்கள் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதைப் படிக்க விரும்பாத பெற்றோரை நான் கண்டதில்லை.

குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்று 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த உரிமை உங்கள் கால அட்டவணையில் ஒரு கட்டமாக இடம்பெற வேண்டும். நாள்தோறும் இடையூறில்லாத முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இருபது நிமிடத்தில் மணியடித்தால் குழந்தை முதல் வியப்பிலிருந்து இரண்டாவது முயற்சிக்குச் செல்லும் வேளையில் எழுந்துபோக நேரும். ஒரே பொருட்களைக் குறைந்தது இரண்டு வாரம் மாற்றாமல் வையுங்கள். ஆசிரியைகளுக்குச் சொற்பொழிவு வைக்காமல், அரைநாள் அவர்களையே நீரிலும் மணலிலும் விளையாட விடுங்கள். அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டிலிருந்து நிரப்பிய ஒர்க்‌ஷீட்டுகளின் எண்ணிக்கையை நீக்கிவிடுங்கள். இந்த நான்கில் கடைசியை முதலில் செய்யுங்கள். மற்ற மூன்றுக்கும் ஆசிரியைகளே வழி கண்டுவிடுவார்கள்.

அடுத்த முறை வகுப்புகளைப் பார்வையிட வரும்போது, குழந்தைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொட்டியின் அருகே தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, பத்து நிமிடம் எதுவும் பேசாமல் பாருங்கள். எவராவது ஈரக்கையோடு ஒரு களிமண் உருண்டையை உங்களிடம் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருத்தி