டாலஹாச்சியின் சாலையோரப் பலகைகளைக் காத்துவருவோருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய டாலஹாச்சி கவுண்டி நண்பர்களுக்கு,

வணக்கம். மெம்பிஸ் நகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிசிசிப்பி மாநிலத்தில் உங்கள் கவுண்டி, அதாவது மாவட்டம், அமைந்துள்ள பருத்திக் காட்டுப் பகுதிக்கு வந்து, எம்மெட் டில் நினைவாக நடப்பட்ட சாலையோரப் பலகைகளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம். உங்களுக்குத் தனியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம். ஆயினும் நீங்கள் செய்துவரும் பணி தமிழ் வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால், இம்மடலைத் தமிழில் பொதுவில் வைக்கிறோம்.

முதல் நன்றி, சம்னர் ஊரில் நீதிமன்றத்துக்கு எதிரே இயங்கும் எம்மெட் டில் விளக்க மையத்தின் வழிகாட்டிகளுக்கு. சிகாகோவிலிருந்து விடுமுறைக்காக உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், மளிகைக் கடையில் ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்று பழி சுமத்தப்பட்டு, 1955 ஆகஸ்ட் 28 அன்று பின்னிரவில் கடத்திக் கொல்லப்பட்டதையும், பருத்தியிலிருந்து விதை நீக்கும் ஜின்னிங் மில்லின் கனத்த இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் எறியப்பட்ட அவன் உடல் மூன்று நாள் கழித்துக் கிடைத்ததையும் பிள்ளைகள் முன்னிலையில் சொல்வது எளிதன்று. நீங்கள் குரலை உயர்த்தாமலும் எதையும் பூசி மெழுகாமலும் சொன்னீர்கள். 1955-இல் இருந்தபடியே சீரமைக்கப்பட்ட நீதிமன்ற அறையில் எங்களை உட்காரவைத்து, விளைச்சலில் பங்கு தரும் வார முறையில் பருத்தி பயிரிட்டு வாழ்ந்த 64 வயது மோசஸ் ரைட், தம் வீட்டுக்கு வந்து பையனைக் கொண்டுபோன இருவரை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று கைநீட்டிக் காட்டிய இடத்தைக் காட்டினீர்கள். அத்தனைக்குப் பிறகும், வெள்ளையின ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடங்களில் இருவரையும் விடுவித்துவிட்டது என்று நீங்கள் சொன்னபோது, பிள்ளைகளில் ஒருத்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

நீதிமன்ற வாசலில் நிற்கும் மாநில அரசின் பலகை சில வரிகளே கொண்டது. ராய் பிரயன்ட், ஜே. டபிள்யூ. மைலம் ஆகிய இருவரும் விடுதலையானார்கள் என்பதோடு நின்றுவிடாமல், பின்னர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கொலையை ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் அது பெயர் சுட்டிச் சொல்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க முனைந்த தென்தரப்புக்காகப் போரிட்ட வீரர்களுக்கான சிலையும் அதே புல்வெளியில் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே பார்வையில் காண நேர்வதே அந்த ஊரைப் பற்றிய சரியான அறிமுகம் என்பது என் எண்ணம்.

இந்தப் பலகைகள் தாமாக முளைத்தவை அல்ல. ஐம்பது ஆண்டுகளாக உங்கள் ஊரில் பேசப்படாமலிருந்த செய்தியைப் பேசவைத்தவர் கவுண்டி மேற்பார்வைக் குழுவின் தலைவராயிருந்த ஜெரோம் லிட்டில். அவர் முன்னின்று அமைத்த நினைவுக் குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்து அமர்ந்தார்கள். இளம்பெண்ணாக அந்த விசாரணையை நேரில் பார்த்திருந்த பெட்டி பியர்சனும் அவர்களில் ஒருவர். 2007 அக்டோபர் 2 அன்று இதே நீதிமன்றத்தின் முன் டில் குடும்பத்தாரிடம் பொதுவில் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் படிக்கப்பட்டது. மறு ஆண்டே பலகைகள் நடப்பட்டன. லிட்டில் 2011-இல் காலமாகிவிட்டார். அவருக்கு நேரில் நன்றி சொல்லும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை.

டில்லின் உடல் கரை சேர்க்கப்பட்டதாகக் கருதப்படும் கிராபால் லேண்டிங் ஆற்றங்கரைப் பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பொறுமையின் அளவு அங்கேதான் தெரிகிறது. 2008-இல் வைத்த முதல் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு மாற்றாக வைத்ததைச் சுட்டுச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். 317 துளைகளோடு அது 2021-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2018 ஜூனில் நட்ட மூன்றாவது பலகை 35 நாட்களுக்குள் குண்டு வாங்கியது. 2019 அக்டோபரில் நீங்கள் நான்காவதை நட்டீர்கள். 225 கிலோவுக்கும் மேல் எடையுள்ள, குண்டு துளைக்காத எஃகுப் பலகை அது. விளிம்பில் கைவைத்துப் பார்த்தபோது பலகையைத் தொடுவதாகவே தோன்றவில்லை, வங்கிப் பெட்டகத்தின் கதவைத் தொடுவதுபோல் இருந்தது. ஒரு சிறுவனின் பெயரைத் தாங்கிய அறிவிப்புக்கு இத்தனை கனம் தேவைப்படுகிறதே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை; நீங்களோ அதை வெயில் மழையைப் பற்றிப் பேசுவதுபோல இயல்பாகச் சொல்லிக் கடந்துபோனீர்கள்.

அந்த ஆற்றங்கரைக்குப் போகும் சரளைச் சாலையில் வழி தவறி நின்றபோது, டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கிவந்து, தம் வண்டியில் முன்னே சென்று வழிகாட்டிய விவசாயிக்கு நன்றி. பெயர் கேட்பதற்குள் கையசைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கிளெண்டோராவில், பழைய ஜின்னிங் மில் கட்டடத்தில் நடக்கும் அருங்காட்சியகத்தை மூடும் நேரம் தாண்டியும் எங்களுக்காகத் திறந்துவைத்திருந்த அம்மையாருக்கும், பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டில்களைக் கேளாமலே நிரப்பித் தந்த அவருடைய பேரனுக்கும் நன்றி.

பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் உள்ள மனி என்ற சிற்றூருக்கும் போனோம். டில் மீது பழி சுமத்தப்பட்ட மளிகைக் கடை அங்கே கூரையின்றிக் கொடி படர்ந்து இடிந்து கிடக்கிறது. அதை ஒட்டிய பழைய பெட்ரோல் நிலையமோ அரசு மானியத்தில் புதுப்பிக்கப்பட்டுப் பளிச்சென்று நிற்கிறது. 2011-இல் கடை முன்பு வைத்த பலகை மட்டும் இல்லாவிட்டால், எந்தச் சுவரைப் பார்ப்பது என்றே வருவோருக்குத் தெரியாது.

டில் பிறந்த நாளான ஜூலை 25 அன்று, 2023-இல், சம்னர் நீதிமன்றமும் கிராபால் லேண்டிங்கும், திறந்த சவப்பெட்டியில் மகனின் முகத்தை உலகுக்குக் காட்டிய தாய் மேமி டில் இறுதிச் சடங்கு நடத்திய சிகாகோ தேவாலயமும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுள்ள தேசியப் பூங்காத் துறையின் ஊழியர்கள், எங்கள் பயணத் திட்டத்தைத் தொலைபேசியிலேயே திருத்தித் தந்தார்கள். அவர்கள் சொன்ன வரிசையில் போனதால்தான் ஒரே நாளில் எல்லா இடங்களையும் பார்க்க முடிந்தது.

பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு பலகைக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவருகிறார்கள். அவற்றை அச்சிட்டு விளக்க மையத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்த நிர்வாகிகளுக்கும், குறிப்புகளில் உள்ள ஆண்டுகளையும் ஊர்ப் பெயர்களையும் சரிபார்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்ட வழிகாட்டிக்கும் எங்கள் நன்றி. முதல் கட்டுக் குறிப்புகளை அடுத்த மாதம் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
மெம்பிஸ் தமிழ்க் குடும்பங்கள் சார்பில்