தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது

எங்கள் கைப்பிள்ளைத் தம்பிக்கு ஒன்றும் இல்லை. விசாரித்து விசாரித்தே களைத்துப்போன உங்கள் எல்லாருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தலை ஸ்கேனில் நீரும் இல்லை, அமுக்கமும் இல்லை. தலை பெரிசு, அவ்வளவுதான். காரணம் எனக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தது. பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, அதே அளவுநாடாவை அவர் தலையிலும் சுற்றினார்கள். 61 சென்றிமீற்றர். வளர்ந்த ஆம்பிளைகளுக்குப் பெரும்பாலும் 57க்குக் கிட்டத்தான் வருமாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கியும் ஹெல்மெட் கொள்ளாத மனிசன் இவர். அப்பாவுக்கும் பெரிசு, மகனுக்கும் பெரிசு, பரம்பரை என்று டொக்டர் எழுதினார். மாமிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

நன்றி சொல்ல நிறையப் பேர். கிளினிக் கொப்பியில் தலைச் சுற்றளவுப் படத்தின் மேல்கோட்டுக்கும் மேலே புள்ளியை வைத்துவிட்டு, "பயப்படவும் வேணாம், காட்டாம விடவும் வேணாம்" என்று கடிதம் தந்த மிட்வைஃப் அக்கா. விடியற்காலையில் ஓட்டோவோடு வாசலில் நின்ற அண்ணன். லீவு கேட்டதும் ஏன் என்று கேட்காத அதிபர். மூத்தவளுக்குப் பிட்டு அவித்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுச் சின்னம்மா. உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைக்குமுன் அதைத் தன் உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்ட டொக்டர். அப்புறம் களுதாவளைப் பிள்ளையார். "அவருக்கு இல்லாத தலையா இவனுக்கு? அவர் பார்த்துக்கொள்வார்" என்று அம்மம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டா.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஆஸ்பத்திரியில் சந்தித்த மருதமுனை ராத்தாவுக்காக. ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா.

ஆஸ்பத்திரி வாங்கில் எங்கள் முறை வரட்டும் என்று இருந்தோம். வெயிலுக்குள்ளும் பிள்ளைக்குத் தொப்பி போட்டிருந்தேன், ஏனென்று உங்களுக்குத் தெரியும். பால் கக்கிச் சட்டை நனைந்துவிட்டது. கழற்றப்போனால் கழுத்து நெற்றியில் வந்து இறுகிக்கொண்டது. உள்ளே அவன் கத்துகிறான், வெளியே எனக்குக் கை நடுங்குகிறது, வரிசை முழுக்க எங்களையே பார்க்கிறது. அப்போதுதான் பின்னால் ஒரு குரல்.

"விடுங்க தங்கச்சி. இந்தப் புள்ளைகளுக்குச் சட்டை தலையால போகாது. காலால போடுங்க."

கேட்காமலே வாங்கினா. சட்டையைத் திரும்பக் கீழே இறக்கி, தோளிரண்டையும் கழுத்துக்குள்ளால் எடுத்து, இடுப்பு வழியாக உருவிவிட்டா. மாற்றுச் சட்டையும் அப்படியே காலால் ஏறியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவவின் மூக்குத்தியைப் பிடிக்கப் பார்த்தான். தொப்பியை மட்டும் திரும்பப் போடவில்லை. மடித்து என் கையில் தந்தா.

"இந்தா, எங்கட வீட்டுச் சீமானையும் பாருங்க" என்று பக்கத்தில் நின்ற மகனைக் காட்டினா. இரண்டு வயதிருக்கும். என் பிள்ளைக்குச் சொந்த அண்ணன் மாதிரி மண்டை! வாயை மூட முதல் சிரிப்பு வந்துவிட்டது. அவ கோபிக்கவில்லை, இன்னும் எடுத்து விட்டா. "பந்தெடுக்கக் குனிஞ்சா மண்டைதான் முதல்ல போய்ச் சேரும், புள்ள பின்னால வரும்." பெருநாளைக்குச் சின்னப் பிள்ளைத் தொப்பி ஒன்றும் கொள்ளாமல் வாப்பாவின் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு போனானாம். "ஏழாம் நாள் முடியிறக்கி, முடிட எடைக்கு வெள்ளி குடுத்தம். நல்ல வேள முடிக்குத்தான். மண்டைட எடைக்கு எண்டிருந்தா வீடு வளவெல்லாம் போயிருக்கும்."

இவர் விடுவாரா? ஹெல்மெட் கதையைத் தொடங்கினார். பொலிஸ் மறிக்கும்போது தலையில் ஒட்டினபடி இருந்த ஹெல்மெட்டை இரண்டு பேர் சேர்ந்து கழற்றின கதை. கொஞ்சம் பொய்யும் கலந்ததுதான். நேர்ஸ் எட்டிப் பார்த்து முறைக்கும் வரைக்கும் சிரித்தோம்.

ஊரில் பிள்ளையின் தலையைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். நல்ல மனதோடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படித் தாழ்த்தின ஒவ்வொரு குரலுக்கும் எனக்கு வயிறு கலங்கும். ராத்தா அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி "மண்டை" என்றா. அதற்கு ஏன் அழாமல் சிரித்தேன் என்று இரவிரவாக யோசித்தேன். தன் பிள்ளையையும் அதே பேச்சுக்குள் வைத்துக்கொண்டு பேசினாவே, அதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளை பெறாத கொழுந்தன் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் வீட்டுக்குள் எடுத்திருக்க மாட்டேன்.

பகிடி மட்டுமில்லை. இடையில் முகத்தை நேராக்கிக்கொண்டு, தன் டொக்டர் சொன்னதையும் சொன்னா: உச்சிக்குழி புடைத்து நின்றால், ஓயாமல் சத்தி எடுத்தால், கண்மணி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தால், இருந்த குணம் மாறிச் சோர்ந்து கிடந்தால் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது, உடனே கொண்டு ஓட வேண்டும். "கோட்டுக்கு மேல இருக்கிறது பெரிசில்ல தங்கச்சி. கோட்டோட சேர்ந்து போகுதா, கோட்ட விட்டு ஏறுதா எண்டு பாருங்க." உள்ளே போன பிறகு டொக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். முதல் வருடத்தில் எந்தப் பிள்ளைக்கும் தலை ஏறக்குறைய 12 சென்றிமீற்றர் வளருமாம். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடுமாம். அதுவரைக்கும் கிளினிக்கில் அளந்துகொண்டு இருக்கச் சொன்னார். அளப்போம். இனி அந்த நாடாவைக் கண்டால் எனக்குக் காய்ச்சல் வராது.

நேற்று கல்முனை பஸ்ஸில் ஒரு பார்சல் வந்து இறங்கியது. கொண்டக்டர் தம்பி சந்தியில் பஸ்ஸை நிற்பாட்டி, "மண்டைக்காரத் தம்பிட வீடு எது?" என்று கடையில் விசாரித்திருக்கிறார். பார்சலில் அப்படித்தான் எழுதியிருந்தது! உள்ளே கைத்தறித் துணியில் தைத்த சட்டைகள். இரண்டு தோளிலும் பொத்தான், கழற்றினால் கழுத்து வாய் பிளந்து நிற்கிறது. ராத்தாவின் உம்மா தைத்ததாம். தலைக்கென்று மட்டும் இரண்டு விரல் கூட விட்டிருக்கிறா. போட்டுப் பார்த்தோம், தலை தாராளமாகப் போகிறது. கொண்டக்டர் தம்பிக்கும் நன்றி. இப்போது சந்தி முழுக்க மகனுக்கு அதுதான் பேர்.

எனக்கு இப்போது ஒரு நேர்த்தி இருக்கிறது. பிள்ளையாருக்கு வைத்தது வேறு, அது முடியிறக்குகிற நேர்த்தி. மொட்டையடித்தால் மண்டை இன்னும் பெரிசாகத் தெரியும் என்று இவர் இப்போதே புலம்புகிறார். இது ராத்தாவின் கணக்கில் வைத்தது: ஆஸ்பத்திரி வாங்கில் எந்தத் தாயாவது வெயிலுக்குள் பிள்ளைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கக் கண்டால், நானாகப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். காலால் சட்டை போடுகிறதைக் காட்டிக் கொடுப்பேன். வெள்ளிக் கதையையும் சொல்வேன், ராத்தா அனுமதித்தால்.

ராத்தா, உங்கள் உம்மாவையும் சீமானையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு களுவாஞ்சிகுடிக்கு வாருங்கள். சட்டித் தயிர் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும். போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று இவர் இப்போதே முற்றத்தில் அளந்துகொண்டு நிற்கிறார்.