பீவர் கடித்த மரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிளாஸ்கோவுக்கு வந்து சேர்ந்த அன்றுதான் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பினோம். பையில் போட்டு எடுத்து வந்து, இங்கே கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். ஆபரேஷன் முடிந்து மொட்டைமாடி வரை ஏறி இறங்குகிறாய் என்றதும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த மே மாதம் நீ வந்தால், அந்த முழங்காலோடு இங்கே எங்கெங்கே நடக்கலாம்?

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், நாப்டேல் என்ற காட்டுப் பகுதி. ஒரு வாரத்துக்கு மகள் வாடகைக்கு எடுத்த பழைய கல் வீடு. பக்கத்து வீடே கண்ணில் படவில்லை. காலையில் குயில் கூப்பிடுகிறது. நம் ஊர்க் குயில் மாதிரி சுதி ஏற்றிக்கொண்டே போகாது. ‘குக்கூ’ என்று இரண்டே அசை, அதையே நாள் முழுக்க. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இங்கே வந்து, நம்ம குயில் மாதிரியே அடுத்தவர் கூட்டில் முட்டை போடுகிறது.

வந்ததே பீவரைப் பார்க்கத்தான். நீர்நாய் என்று நினைத்துக்கொள்ளாதே. நீர்நாயும் இங்கே உண்டு, அது வேறு. பீவர் எலி, அணில் வகையறா. மீனைத் தொடாது; மரப்பட்டை, இலை, நீர்ச்செடி இவ்வளவுதான் சாப்பாடு. ரோமத்துக்கும் இறைச்சிக்குமாக வேட்டையாடியே சுமார் 400 வருஷத்துக்கு முன்பு இந்த நாட்டில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். 2009-இல் நார்வேயிலிருந்து சில குடும்பங்களைப் பிடித்து வந்து, இந்தக் காட்டு ஏரிகளில் விட்டுப் பார்த்தார்கள். 2016-இல் ‘சரி, இருக்கட்டும்’ என்று அரசாங்கம் சொன்னது. 2019-இலிருந்து சட்டப் பாதுகாப்பும் உண்டு.

மூன்று சாயங்காலம் டூ லாக் என்ற ஏரிக்கரையில் காத்துக் கிடந்தோம். கறுப்பு ஏரி என்று அர்த்தம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் பீவர் தலை காட்டவில்லை. அது செய்து வைத்திருக்கும் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அணை கட்டி ஏரியையே பெரிதாக்கிவிட்டது. தண்ணீரில் மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் அப்படியே நிற்கின்றன. கரையில் ஒரு பிர்ச் மரம், பென்சில் சீவினதுபோல. அடியில் சீவல் குவிந்து கிடக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு பல்லின் தடமும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. விலங்கியல் லேபில் கொறிக்கும் பல்லை வரையச் சொன்னபோது நீ ஆரஞ்சு கலர் அடித்து, மிஸ் சிரித்தாரே, நினைவிருக்கிறதா? நீ அடித்த கலர்தான் சரி. பல்லின் பூச்சில் இரும்புச்சத்து இருப்பதால் அந்த நிறம். முப்பத்தைந்து வருஷம் கழித்து உனக்கு ஒரு மார்க் பாக்கி.

மூன்றாம் நாள், கிளம்பலாம் என்று எழுந்தபோது தண்ணீரில் ‘பளார்’ என்று ஒரு அடி. மீன் துள்ளியிருக்கும் என்றார் மாப்பிள்ளை. மீன் அப்படி அறையாது, மல்லிகா. ஆள் நடமாட்டம் தெரிந்தால் பீவர் வாலால் தண்ணீரை அடித்துத் தன் கூட்டத்தை எச்சரிக்கும். நான் கேட்டது அதைத்தான். வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மிட்ஜ் என்று ஒரு பூச்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொசுவெல்லாம் அதன் முன்னால் கண்ணியமான பிராணி. பொட்டளவுதான் இருக்கும், மேகம் மாதிரி வந்து மொய்க்கும். இதிலும் கடிப்பது பெண்தான். காற்று வீசினால் பறக்க முடியாது, அதனால் இங்கே காற்றடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

இனி உன் முழங்கால். கிரினான் கால்வாய்க் கரை உனக்கென்றே போட்ட பாதை. 1801-இல் திறந்தது, ஒன்பது மைல் நீளம், ஒரே சமதளம். கின்டயர் முனையைச் சுற்றிக்கொண்டு போகாமல் படகுகள் குறுக்கே கடலுக்குப் போக வெட்டியது. மொத்தம் பதினைந்து மதகுப் பூட்டுகள். ஒரு படகு உள்ளே வந்து, கதவை அடைத்து, தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்கவே மறந்துபோகும்.

கில்மார்ட்டின் பள்ளத்தாக்கும் சமதளம்தான். வயலுக்கு நடுவே 5000 வருஷத்துக் கற்குவியல் கல்லறைகள், ஆடுகள் சுற்றி மேய்கின்றன. அக்னபிரெக் பாறைகளில் குழிகளும் அவற்றைச் சுற்றி வளையங்களும் செதுக்கியிருக்கிறார்கள். குளத்தில் கல்லெறிந்த மாதிரி. எதற்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாக்கோலம் என்றேன், மகள் முறைத்தாள்.

டனாட் குன்று மட்டும் கொஞ்சம் ஏற்றம், கைத்தடி வேண்டும். டால்ரியாடா ராஜ்ஜியத்தின் கோட்டை அங்கேதான் இருந்தது. உச்சிக்குக் கீழே பாறையில் ஒரு பாதம் வெட்டியிருக்கிறது. பட்டம் கட்டும்போது அரசன் அதில் கால் வைத்து நிற்பானாம். ஆசையாகச் செருப்பைக் கழற்றி நானும் வைத்தேன். நாம் பார்ப்பது நகல், அசல் அதன் அடியில் பத்திரமாக மூடியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. போகட்டும், கால் சரியாகப் பொருந்தியது.

வரும்போது மழைக்கோட்டு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள். குடை இங்கே ஒரு நாள்கூடத் தாங்காது. ஊறுகாயும் மறக்காதே. அப்புறம், உன் பேத்திக்குப் பெயர் என்ன வைத்தார்கள் என்று எழுதவே இல்லையே?

மழை விட்டிருக்கிறது. மாப்பிள்ளை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்று மீனா, பீவரா என்று பந்தயம்.

அன்புடன்,
தேவகி