மலை ரயிலுக்கு விளக்கு போட்டேன்

கோயம்புத்தூர்,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறுகிறாய் என்று படித்ததும் எனக்கே கால் லேசானது மாதிரி இருந்தது. பதிலை நான் வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். ஒரு வேலையை முடித்துவிட்டு அதையும் சேர்த்து எழுதலாம் என்று நினைத்தேன். வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கு எரிந்தது. இனிமேல் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு 86 முடிந்துவிட்டது. காதுதான் மந்தம், ஞாபகத்துக்குக் குறைவில்லை. "அந்தக் காரமடைப் பையன் எப்படி இருக்கான்?" என்று உன்னைப் போன வாரம்கூடக் கேட்டாள். மகளும் பேத்தியும் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்துவிட்டுப் போனார்கள். மேட்டுப்பாளையம் வீட்டை விற்றுவிட்டோம். அதைப் பற்றி எழுத இப்போது மனசு வரவில்லை, நேரில் பேசலாம்.

அந்த வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு செருப்பு டப்பா கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நீயும் நானும் செய்த ரயில் பெட்டி உள்ளே இருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுவர், தீக்குச்சியில் ஜன்னல் கம்பி, உன் அண்ணனுடைய டார்ச்சிலிருந்து நீ கழற்றிக்கொண்டு வந்த பல்பு. கூரையைக் கரையான் தின்றுவிட்டது. பல்பு மட்டும் அப்படியே இருந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பரணுக்குக் கீழேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். காலேஜில் என்.சி.சி. ஏர் விங்கில் பால்சா கட்டையில் விமானம் செய்ததுதான் நான் கடைசியாகச் செய்த மாடல். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று நாற்பது வருஷம் போய்விட்டது. மறுபடியும் செய்ய வேண்டும், இந்தப் பெட்டியையே சரியாகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வருவான். ஊட்டி ரயிலின் பாதை மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். உன் மகன் இருக்கும் சுவிட்சர்லாந்தில் மலை ரயில் மாடல் செய்கிறவர்கள் இதற்கென்றே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் வரவழைத்தேன். பெட்டியும் இஞ்சினும் எங்கேயும் செட்டாகக் கிடைக்காது, கையால் வெட்டித்தான் செய்ய வேண்டும். மூன்று தடவை குன்னூர் போய்வந்தேன். ஸ்டேஷனில் நிற்கும் பெட்டியின் பக்கத்தில் ஒரு மடக்கு அளவுகோலை நிறுத்தி, கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். படத்தில் அளவுகோல் இருந்தால் வீட்டுக்கு வந்து எதை வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்.

சுவருக்கு அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். ஒரு பக்கத்து ஜன்னல்களை வெட்ட எனக்கு நான்கு நாள் ஆனது. கை மறக்கவில்லை, கண்தான் ஒத்துழைக்கவில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நான் நேராக வெட்டியதாக நினைத்த கோடுகள் எல்லாம் கோணலாகத் தெரிந்தன. முதல் சுவரைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஜன்னல் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக்கை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டியது இன்னொரு தப்பு. அந்தப் பசையின் ஆவி பட்டு மறுநாள் காலையில் எல்லா ஜன்னலிலும் பனி மூட்டம் பிடித்திருந்தது. இப்போது ஜன்னலுக்கு வெள்ளைப் பசைதான் வைக்கிறேன். காய்ந்தால் தெரியாது.

விளக்குக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் ஆறு எல்.ஈ.டி. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம், ஒரு கடுகை நசுக்கி வைத்த மாதிரி இருக்கும். தலைமுடி மாதிரி இருக்கும் எனாமல் செம்புக் கம்பியை அதில் சால்டர் செய்ய வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். மேஜையில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை மல்லாத்தி வைத்து, அதன்மேல் எல்.ஈ.டி.யை ஒட்டிக்கொண்டு செய்யக் கற்றேன். பழைய போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட். எல்.ஈ.டி.க்கு 3 வோல்ட் போக மீதி 2. கரண்ட் 20 மில்லி ஆம்பியர் என்றால், அதைக் கட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டர். கணக்கு சரி, புத்தகத்தில் இருக்கிற கணக்கு அதுதான். அப்படியே போட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. அது போதாதென்று சுவரே ஒளிர்ந்தது. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசிந்து, பெட்டி முழுக்கக் காகிதக் கூண்டு விளக்கு மாதிரி தெரிந்தது. ஒட்டிய மூலையெல்லாம் வெள்ளைக் கோடு. அதற்குள் வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்து முடித்திருந்தேன். நீல வண்ணத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததும், இரண்டு வாரமாகச் செய்த வேலை பொம்மைக் கடை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்தேன். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு இரண்டு கோட், வெளிச்சம் அதோடு நின்றது. கறுப்பின் மேல் இருக்கைப் பகுதிக்கு மர நிறம், கூரையின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை. கூரை வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுக் கீழே பரவும், எல்.ஈ.டி. ஒரு புள்ளியாகக் கண்ணைக் குத்தாது. மூலைகளுக்கு உள்ளே அலுமினிய டேப். விளக்கு வைக்கப்போகிற எந்த மாடலிலும் உள்பக்கத்து வேலையைத்தான் முதலில் முடிக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

கசிவு நின்றது, ஆனால் வெளிச்சம் பிடிபடவில்லை. 100 ஓமை எடுத்துவிட்டு 470 போட்டேன், அப்புறம் 1000 போட்டேன். இன்னும் அது நம் ரயில் இல்லை. செருப்பு டப்பாவிலிருந்து உன் டார்ச் பல்பை எடுத்துப் புது பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பளிச்சென்று எரிந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. நமக்குப் புது பேட்டரி யார் வாங்கிக் கொடுத்தார்கள்? எங்கள் அப்பாவின் ரேடியோவில் தேய்ந்துபோன பேட்டரியைத்தான் வெயிலில் காயவைத்துப் போட்டோம். அந்தப் பல்பு எரிந்தது மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், அணையப்போகிற மாதிரி. இருட்டு அறையில் அந்தப் பெட்டியைத் தரையில் வைத்து, நாம் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோமே, அது அவ்வளவு நிஜமாக இருந்ததற்கு அந்தச் செத்த பேட்டரிதான் காரணம்.

4700 ஓம் போட்டேன். இப்போது ஓடுவது அரை மில்லி ஆம்பியர் அளவுதான். எல்.ஈ.டி.யின் மேல் கண்ணாடி போன்ற ஆரஞ்சு வண்ணத்தை ஒரு சொட்டு வைத்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒவ்வொரு ஜன்னலாக வந்தது. ஊட்டியிலிருந்து இறங்கி மார்கழி மாசத்து அந்தியில் பவானிப் பாலத்தைத் தாண்டி வருமே, அதே வண்டி. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பெயிண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினேன், 0.3 மில்லிமீட்டர் முனை. அக்ரிலிக் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் அடித்தபோது, முனையிலிருந்து பெட்டிக்குப் போவதற்குள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு மணல் தாள் மாதிரி ஆனது. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் இரண்டு சொட்டு சேர்த்ததும் சரியானது. இப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டுகிறது. அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் அடிக்கிறேன். நிஜப் பெட்டியின் நீலத்தை அப்படியே கலந்து அடித்தால் சின்ன மாடலில் அது அடர்ந்து இருண்டு தெரிகிறது. கொஞ்சம் வெள்ளை சேர்த்து வெளிற வைத்தால்தான் தூரத்தில் நிற்கும் பெட்டி மாதிரி இருக்கிறது.

தரைக்கு, வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துத் தூவினேன். ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கத்துக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் இலை மாதிரியே வந்தது. நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். மரங்கள் எல்லாம் பேத்தி செய்தவை, தேங்காய் நாரில்.

இஞ்சினுக்குச் சட்டம் மட்டும்தான் முடிந்திருக்கிறது. ஆனால் அதன் நெருப்பை இப்போதே செய்துவிட்டேன். இன்றைக்கு எண்ணெய் எரிக்கும் இஞ்சின்கள் வந்துவிட்டன, நம் பொன்மலைப் பணிமனையிலேயே கட்டியவையும் ஓடுகின்றன. நான் செய்வது நாம் பார்த்த கரி இஞ்சின். கார்த்திகைக்கு விற்கிறார்களே பேட்டரி அகல், அதற்குள் தானாகவே படபடக்கும் எல்.ஈ.டி. இருக்கிறது. இரண்டு அகலை உடைத்து, ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்கு ஆரஞ்சும் பூசி அருகருகே வைத்தேன். இரண்டும் வேறு வேறு தாளத்தில் துடிப்பதால் கரி கனல்வது போலவே தெரிகிறது.

இஞ்சின் எந்தப் பக்கம் நிற்கும் என்பதில் நம் வகுப்பில் ஒரு சண்டை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னதுதான் சரி. ஏறும்போது பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கம்தான். என்னுடையது இறங்குகிற வண்டி, அதனால் இஞ்சின் முன்னால்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. நம் பழைய எக்ஸ் வகை இஞ்சின்கள் எல்லாம் விண்டர்தூரில் ஒரு ஆலையில் செய்தவை. நீ இருக்கும் ஜூரிக்கிலிருந்து அது பக்கத்து ஊர். நான்கு சிலிண்டரில் இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு, தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் பல்பாதையைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்துக்கு. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், முதல் இரண்டில் வேலை முடித்த ஆவியே மற்ற இரண்டையும் ஓட்டும். அந்த ஆலை செய்த நீராவி இஞ்சின்கள் சில, ஆண்டர்மாட் பக்கம் ரியால்ப் என்ற ஊரிலிருந்து ஃபுர்க்கா மலைப் பாதையில் கோடையில் ஓடுகின்றன. 1947-ல் வியட்நாமுக்கு விற்று, 1990-ல் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவந்தவை அவை. நம் பாதை மாதிரியே அதுவும் மீட்டர் கேஜ், அதே ஆப்ட் பல்பாதை, நடுவில் இரண்டு பல்தகடுகள் மாறி மாறி நிற்கும். முட்டி அனுமதித்தால் மகனோடு ஒரு நாள் போய்வா. எனக்கு வேண்டியது அந்தப் பல்தகட்டின் நிறம். பல்லின் முகம் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னுகிறதா, கிரீஸ் எவ்வளவு தூரம் வழிந்திருக்கிறது, அதில் தூசி எப்படிப் படிந்திருக்கிறது, இதெல்லாம் தெரிய வேண்டும். வெயிலில் எடுக்காதே, மேகம் மூடியிருக்கும்போது கிட்டத்தில் போய் எடு. குன்னூரில் எடுத்த படங்களும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் வண்ணம் கலக்கப் போகிறேன்.

இன்னொன்று. நாம் போன பெட்டியில் ஜன்னல் சட்டத்தின் உள்பக்கம் என்ன நிறம்? எனக்குக் காவி கலந்த பழுப்பு என்று ஞாபகம். ஆனால் கன்னத்தை வைத்துத் தூங்கியவன் நீதான். யோசித்து எழுது. அந்தச் சட்டத்தை மட்டும் வண்ணம் அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை