உள்ளே போன தண்ணீர்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சீனியர் நர்ஸ் "காயத்தை இரிகேட் பண்ணு" என்றதும் உனக்கு நம் வாய்க்கால்தான் ஞாபகம் வந்ததாம். வயலுக்குப் பாய்ச்சுவதற்கும் புண்ணைக் கழுவுவதற்கும் எப்படி ஒரே வார்த்தை என்றாய். லத்தீனிலிருந்து வந்த சொல் அது. உள்ளே நீரை விட்டு நனைப்பது என்பதுதான் வேர்ப்பொருள். ஆனால் அது மட்டும் உன் கேள்விக்குப் பதிலாகாது.

முதலில் எனக்கும் இரண்டும் எதிரெதிர் வேலையாகத்தான் பட்டன. தண்ணீர் மண்ணில் தங்கட்டும் என்று நான் மடை திறக்கிறேன். அழுக்கையும் கிருமியையும் அடித்துக்கொண்டு வெளியே வரட்டும் என்று நீ சிரிஞ்சை அழுத்துகிறாய்.

அப்புறம் கிழக்குப் பாத்தி நினைவுக்கு வந்தது. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே பயிர் மஞ்சளித்து நின்றது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பாய்ச்சினேன். வடிய வழியில்லாமல் நின்ற நீரில் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. வெயிலில் நீர் ஆவியாக, மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. நல்ல தண்ணீர் என்று நாம் சொல்வதிலும் லிட்டருக்கு அரை கிராம் உப்பு இருக்கலாம். ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் 10 லட்சம் லிட்டர். அதோடு 500 கிலோ உப்பும் வயலுக்குள் வந்துவிடுகிறது. பயிர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். வடிகால் வெட்டி, பயிருக்கு வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக நீர் விட்டு, உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்கிய பிறகுதான் அந்தப் பாத்தி தேறியது. அன்று நான் செய்தது உன் வேலைதானே, கண்ணு?

நீ விட்டுப்போன புத்தகத்தில் என் வேலையைச் செய்தவர்களையும் பார்த்தேன். முதல் உலகப் போரின்போது அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெலும் வேதியியலாளர் ஹென்றி டாகினும் துளையிட்ட ரப்பர் குழாய்களைப் புண்ணுக்குள்ளேயே வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிருமியைக் கொல்லும் நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலை விட்டிருக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய் வயல்களுக்குப் பரவலாக வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்! அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

புண்ணைக் கழுவும் நீரின் அழுத்தத்தைப் பற்றியும் அதில் இருந்தது. குறைந்தால் அழுக்கு அசையாது. மிஞ்சினால் திசு சிதைந்து கிருமி இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். வாய்க்காலில் வேகம் கூடினால் மேல்மண் அரித்துப் போவதை நீ பார்த்திருக்கிறாய், அதனால் உனக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது நீ சொன்ன அந்தப் பெரியவர்தான். புரோஸ்டேட் அறுவைக்குப் பிறகு அவருக்கு ரத்தம் கட்டாமல் கழுவ, கதீட்டர் வழியாகச் சிறுநீர்ப்பையில் சலைன் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாயே. நீங்கள் கதீட்டர் என்பதைத் தமிழில் வடிகுழாய் என்கிறார்கள். பொருத்தமான பெயர், வடிவதுதானே அங்கே உயிர். ரத்தக்கட்டி அடைத்துவிட்டால் வெளியே வருவது நின்றுவிடும், உள்ளே போவது நிற்காது. அடிவயிறு உப்பி வலியில் துடித்துவிடுவார். வாய்க்கால் அடைத்தால் முதலில் மடையை மூடிவிட்டுத்தான் அடைப்பைத் தேடுவேன். நீயும் உள்ளே போகும் சலைனை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடு. எத்தனை லிட்டர் போனது, எத்தனை லிட்டர் வந்தது என்று குறித்து வை. ராத்திரி ஷிப்டில் கண் சொருகினாலும் அந்தக் கணக்கை விட்டுவிடாதே.

அடுத்த முறை கூப்பிடும்போது அவர் எப்படி இருக்கிறார் என்று முதலில் சொல். விடியற்காலையில் நான் மடை மாற்றப் போக வேண்டும்.

அப்பா