சைவம் சாப்பிடும் பதின்வயதுப் பிள்ளைக்குப் புரதம் மட்டும்தான் கவலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பதின்வயதில் இருக்கும் பிள்ளை "இனிமேல் நான் சைவம்" என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அப்போ புரதத்துக்கு என்ன பண்ணுவே?" என்பதுதான். பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. வயிறு நிறையச் சாப்பிடும் சைவப் பிள்ளைக்குப் புரதம் குறைவது அபூர்வம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் தூங்கி வழிவது, கை கால் மதமதப்பது போன்ற தொல்லைகளுக்குப் பின்னால் அதிகமும் இருப்பவை இரும்புச் சத்துக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும்தான். எதைச் சாப்பிட வேண்டும் என்பது பலருக்கும் தெரிகிறது. எதை எதோடு சாப்பிட வேண்டும், எதைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதில்தான் பிசகு நடக்கிறது. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

புரதக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 14 முதல் 18 வயது வரை உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 0.85 கிராம் தேவை. 55 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 47 கிராம் ஆகிறது. தாவரப் புரதம் சற்றுக் குறைவாகவே செரிக்கும் என்பதால் 50, 55 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வெந்த மசூர் பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் என்று இதுவே 41 ஆகிவிட்டது. மீதியை மூன்று வேளை தானியமே கொடுத்துவிடும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே தட்டில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரே நாளில் இரண்டும் வந்தால் போதும். பருப்பு, பயறு, சோயா, பால் எதுவும் இல்லாமல் சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்குமாக நாள் ஓடினால்தான் புரதம் குறையும். அப்படிப்பட்ட பிள்ளைக்கும் தேவை டப்பாவில் வரும் புரதப் பொடி அல்ல, ஒரு கிண்ணம் சுண்டல்.

இரும்புச் சத்து இவ்வளவு சுலபமில்லை. வட அமெரிக்கப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், ஆண்களுக்கு 11 மில்லிகிராம். சைவர்களுக்கு இதை 1.8 மடங்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதாவது பெண்ணுக்கு 27, பையனுக்கு 20. மசூர் பருப்பு ஒரு கோப்பையில் ஆறரை மில்லிகிராம், கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் நாலே முக்கால் என்று கூட்டிப் பார்த்தால் 27-ஐ எட்டுவது எவ்வளவு கடினம் என்பது புரியும். அளவு கூடுவதற்குக் காரணம், இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் எளிதாக ஏற்றுக்கொள்வதும், தாவர இரும்பில் பெரும்பகுதியை உறிஞ்சாமல் வெளியே விட்டுவிடுவதும்தான். ஆகவே, தட்டில் இரும்பைக் கூட்டுவதோடு, உடலுக்குள் போகும் பங்கையும் கூட்ட வேண்டும். பிந்தையதுதான் நம் கையில் அதிகம் இருக்கிறது.

பங்கைக் கூட்டுவது வைட்டமின் சி. பருப்பு அல்லது பயறு இருக்கும் அதே வேளையில், அதே தட்டில் அது இருக்க வேண்டும். காலையில் சாப்பிட்ட ஆரஞ்சு இரவுச் சாப்பாட்டின் இரும்புக்கு உதவாது. அரைக் கொய்யா, ஒரு ஆரஞ்சு, பச்சையாக நறுக்கிய குடைமிளகாய் ஒரு கைப்பிடி, இவற்றில் எது இருந்தாலும் போதும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும்.

பங்கைக் குறைப்பவற்றில் முதலாவது டீ. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை டீ, அந்த வேளையில் உடலில் சேர வேண்டிய இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். காப்பியும் இதே வேலையைச் செய்யும், சற்றுக் குறைவாக. பால் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சரியாகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. பாலும் கால்சியம் மாத்திரையும் இரும்பை ஓரளவு தடுக்கும் என்பதால், பாலைப் பருப்புச் சாப்பாட்டோடு வைக்காமல் மாலையிலோ படுக்கும் முன்போ கொடுங்கள். அசைவத்தை விட்ட பிள்ளையின் தட்டில் எல்லா வேளையும் பன்னீரும் சீஸும் நிரப்புவது நிறைய வீடுகளில் நடக்கும் தவறு. அவற்றில் கால்சியமும் புரதமும் உண்டு, இரும்பு ஏறக்குறைய இல்லை.

பயறிலும் முழு தானியத்தின் தவிட்டிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டுவிடும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கொஞ்சம் குறையும். ஒரு நாள் முளைகட்டினால் இன்னும் குறையும், மாவைப் புளிக்கவைத்தாலும் அப்படியே. முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். முளைகட்டும் அந்தச் சூடும் ஈரமும் கிருமிகளுக்கும் ஏற்ற இடம், ஆவியில் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். ராஜ்மாவில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் பொருள் சில மணி நேரத்தில் கடும் வாந்தியைக் கொண்டுவரும். ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவிடும் மின்பாத்திரம் இதற்கு ஆகாது, பிரஷர் குக்கர் சரியாக வரும்.

கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பசலைக்கீரையில் இரும்பும் கால்சியமும் இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் உடலுக்கு விடுகிறது, இரும்பும் குறைவாகவே சேர்கிறது. ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்காகவும் நார்ச்சத்துக்காகவும் தாராளமாகச் சாப்பிடட்டும். இரும்புக்குப் பயறையும் சோயாவையும் எள்ளையும் நம்புங்கள்.

பி12 விஷயத்தில் சமையல் சாமர்த்தியம் எதுவும் பலிக்காது. தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடையாது. ஸ்பைருலினாவிலும் கடற்பாசிகளிலும் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, பி12 போலவே தோற்றம் கொண்ட, உடலுக்குப் பயன்படாத பொருள். 14 வயதுக்கு மேல் நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். அரை லிட்டர் பால் அல்லது அதற்கு ஈடான தயிர் இதைக் கிட்டத்தட்ட கொடுத்துவிடும். பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தால் அதிலிருக்கும் பி12 கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஒரு தடவை காய்ச்சி மூடி வையுங்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் கிடைக்கும். பால், முட்டை எதுவும் தொடாத பிள்ளைக்கு மாத்திரையோ பி12 சேர்க்கப்பட்ட உணவோ கட்டாயம் வேண்டும், இதில் பேரமே இல்லை.

மாத்திரையின் அளவைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். தேவை 2.4 என்றால் மாத்திரையில் ஏன் 1,000 மைக்ரோகிராம் என்று கேட்கிறார்கள். குடல் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் அளவுதான் முறைப்படி உறிஞ்சும், அதற்கு மேல் வருவதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் தினமும் எடுத்தால் சிறு அளவும், வாரம் இரண்டு முறை எடுத்தால் பெரிய அளவும் தேவைப்படுகிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் அசைவத்தை விட்டவுடன் குறைவு தெரியாது. ஆண்டுகள் கழித்துத் தெரியும்போது நாக்கு சிவந்து எரிவது, விரல் மூட்டுகள் கருப்பது, பாதத்தில் ஊசி குத்துவது, மறதி என்று வரும். நரம்புப் பாதிப்பு நாட்பட்டால் முழுக்கத் திரும்பாமலும் போகலாம். சைவ உணவில் ஃபோலேட் அதிகம். அது இரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புக்கு நேரும் சேதத்தைத் தடுக்காது.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு வரியைக் கவனியுங்கள். எம்.சி.வி. என்று போட்டிருப்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இயல்பு. இரும்பு குறைந்தால் அணு சிறுத்து எண் இறங்கும், பி12 குறைந்தால் அணு பருத்து எண் ஏறும். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, எண் 88 என்று அழகாக வந்து நிற்கும். "எல்லாம் நார்மல்" என்று சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருந்தால் அணுக்கள் ஒரே அளவில் இல்லை என்று அர்த்தம், அங்கே சந்தேகம் வர வேண்டும். சோர்ந்து போகும் சைவப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12-ம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் (மில்லிக்கு நானோகிராம் கணக்கில்) 15-க்குக் கீழே போனால் சேமிப்பு காலி. காய்ச்சலோடு இருக்கும்போது பார்த்தால் அது பொய்யாக உயர்ந்து தெரியும். பி12 அளவு (மில்லிக்குப் பிகோகிராம் கணக்கில்) 200-க்குக் கீழே என்றால் குறைவு, 200-க்கும் 300-க்கும் நடுவில் என்றால் அடுத்த பரிசோதனை தேவை. மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினால் பாலோடு விழுங்கக் கொடுக்காதீர்கள், மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு நிறுத்தாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்பு மாத்திரையை அள்ளி விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

எலும்பைப் பொறுத்தவரை பதின்வயது திரும்பி வராத காலம். பிள்ளை மளமளவென்று உயரும் அந்த இரண்டு ஆண்டுகளில், பெரியவரான பின் உடலில் இருக்கும் எலும்புத் தாதுவில் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் என்பது வட அமெரிக்கக் கணக்கு, சில நாடுகள் இதைவிடக் குறைத்துச் சொல்கின்றன. 250 மில்லி பாலில் 300 கிடைக்கும். பால் குடிக்காதவர்கள் டோஃபு வாங்கும்போது கால்சியம் சல்ஃபேட் சேர்த்து உறைந்ததா என்று உறையில் பார்க்க வேண்டும். தாவரப் பாலில் சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். பெட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் கடைசியில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பாதாம் பாலில் கோப்பைக்கு ஒரு கிராம் புரதம்தான், சோயா பாலில் ஏழு. இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். வெயில் படாத பிள்ளைக்கு வைட்டமின் டி-யும் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும், இளஞ்சிவப்புக் கல்லுப்பு அதற்கு ஈடாகாது. ஒமேகா-3-க்கு ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி போதும், ஆனால் பொடித்ததாக இருக்க வேண்டும். முழு விதை விழுங்கியபடியே வெளியே வந்துவிடும். பொடித்தது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். துத்தநாகத்துக்குப் பூசணி விதை, பயறு, பருப்பு வகைகள்.

பெற்றோர்கள் மனதில் வைக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சில பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைக்க ஒரு சாக்காகவும் சைவத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதலில் இறைச்சி, பிறகு பால், பிறகு எண்ணெய், பிறகு இரவுச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக விலகும். எடை இறங்கினாலோ, மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டாலோ, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தாலோ, மாத்திரையும் சத்துமாவும் தீர்வாகாது. திட்டாமல், கட்டாயப்படுத்தி ஊட்டாமல், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்றபடி, மனசாட்சிக்காகவோ விருப்பத்துக்காகவோ சைவத்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மல்லுக்கு நிற்கும் வீட்டில் பிள்ளை தானாகவே சிப்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் போய்விடுகிறது. அவையும் சைவம்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சமையல் பக்கத்தில் பயறு, பருப்புக் குறிப்புகள் வரும்போது, செய்முறைக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்க்க முடியுமா? இதனோடு வைட்டமின் சி-க்கு என்ன சாப்பிடலாம், டீயையும் பாலையும் எவ்வளவு நேரம் தள்ளிவைக்கலாம் என்று. அடுப்படியில் வெட்டி ஒட்டிவைக்க அந்த இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
பதின்வயதினருக்கு உணவு ஆலோசனை வழங்குவோர்